நேற்று வந்தவன் நமக்காகப் பேசலாமா?



ஓர் எளிய கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். நெட்டுக்குப்பத்திலிருந்தும் எர்ணாவூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் தினந்தோறும் ஷிப்டுக்குப் போகிறவர்கள் உங்கள் வீட்டில் உண்டு. ஒருவர் துறைமுகத்தில், ஒருவர் கன்டெய்னர் யார்டில், ஒருவர் மணலிப் பக்கத்து ஆலையில். அநேகமாக எல்லாரும் காண்டிராக்டரிடம் கூலி வாங்குகிறவர்கள். அவர்களோடு தோளுக்குத் தோள் நின்று சுமை தூக்குகிறவர்களில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் ஏராளம். இப்படிப்பட்ட ஓர் இடத்தில் தொழிலாளர் சங்கத்துக்குத் தேர்தல் வருகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். செயலாளர் பதவிக்கு ஓர் ஒடிசாக்காரர் நிற்கிறார். யோக்கியர். தைரியசாலி. கணக்கு வழக்குத் தெரிந்தவர். தமிழ் மட்டும் கொச்சை.

அவருக்கு நீங்கள் ஓட்டுப் போடுவீர்களா? அவர் கையெழுத்திட்ட ரசீதுக்கு மாதாமாதம் சந்தா கட்டுவீர்களா?

சிரிக்க வேண்டாம். இது விளையாட்டுக் கேள்வியன்று.

'வடக்கத்தியான்' என்ற வார்த்தை நம்மிடையே எந்தத் தொனியில் சொல்லப்படுகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதைச் சொல்கிறவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நாம் எண்ணவில்லை. கொசஸ்தலை ஆற்றில் அனல் மின் நிலையத்துச் சாம்பல் கலந்து, முகத்துவாரத்தில் இறாலும் நண்டும் குறைந்துபோக, வலையை மடித்து வைத்துவிட்டு ஆலை வாசலில் போய் நிற்கிறான் ஒரு கடற்கரை வாலிபன். அந்த வேலை முன்னமே குறைந்த கூலிக்கு வேறொருவனுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது என்று அவனுக்குச் சொல்லப்படுகிறது. அவன் வயிறு எரியாதா? எரியும். ஆனால் குறைந்த கூலியை நிர்ணயித்தவன் யார்? ரயிலேறி வந்தவனா, அவனை ரயிலேற்றிக் கூட்டிவந்த காண்டிராக்டரா? இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கோபம் விடுவதில்லை. காண்டிராக்டர் கண்ணில் படுவதில்லை; பக்கத்தில் நிற்கிறவன்தான் கண்ணில் படுகிறான்.

ஆகவே நம் கேள்வியை இன்னும் ஆழமாகக் கேட்டுப் பார்ப்போம். உழைப்பாளிக்காகப் பேசும் உரிமை ஒருவனுக்கு எங்கிருந்து வருகிறது? பிறந்த மண்ணிலிருந்தா? பேசும் பாஷையிலிருந்தா? அல்லது அவனும் அதே சுமையைத் தூக்கினான் என்பதிலிருந்தா?

இந்தக் கேள்வி வேதாகமத்திலேயே வருகிறது. எஜிப்து தேசத்தில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்த எபிரேயருக்காக மோயீசன் கை ஓங்கினார். மறுநாள், அவர் யாருக்காகக் கை ஓங்கினாரோ அந்த ஜனத்தில் ஒருவனே, உன்னை எங்களுக்கு அதிகாரியாக நியமித்தவன் யார் என்று கேட்டான். நியாயமான கேள்விதான்! அவர் செங்கல் அறுத்தவரல்லர், அரண்மனையில் வளர்ந்தவர். மோயீசன் அந்தச் சமயத்தில் பதில் சொல்லவில்லை, ஓடிப்போனார். பதில் சொல்ல அவருக்குப் பல வருஷங்கள் பிடித்தன.

நம்முடைய வடசென்னையிலும் ஒரு மனிதரிடம் இந்தக் கேள்வி கேட்கப்பட்டிருக்கும். அவர் பெயர் அந்தோணிப் பிள்ளை. எஸ். ஸி. ஸி. அந்தோணிப் பிள்ளை என்றால் பெரம்பூரிலும் துறைமுகத்திலும் பழைய தொழிலாளிகளுக்குத் தெரியும். இளைஞர்களுக்கு அநேகமாகத் தெரியாது. ஆதலால் சற்று விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் 1914-ம் ஆண்டு இலங்கையில் யாழ்ப்பாணப் பகுதியில் பிறந்தவர். நம் அர்ச். அந்தோணியாரின் பெயரைச் சுமந்தவர். கொழும்பிலும் லண்டனிலும் உயர்ந்த படிப்புப் படித்தார். அந்தப் படிப்புக்கு அந்நாளில் கச்சேரி உத்தியோகம் காத்திருந்தது. அதை விட்டுவிட்டு லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். அக்கட்சியின் பெருந்தலைவர்களில் ஒருவரான பிலிப் குணவர்த்தனாவின் சகோதரி கரோலினை 1939-ல் மணந்தார். அவர் தமிழர், மனைவி சிங்களவர். அந்தக் கலியாணமே ஒரு கதை, ஆனால் இங்கே அதற்கு இடமில்லை. உலக யுத்த காலத்தில் வெள்ளை அரசாங்கம் அந்தக் கட்சியை நசுக்க முற்பட்டபோது, 1942-ல், கடல் கடந்து தமிழகம் வந்தார். முதலில் மதுரை, பிறகு சென்னை.

சென்னைத் தொழிலாளர் சங்கம் என்பது சாமானியமான ஸ்தாபனமன்று. 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூரில் உண்டாகியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சரித்திரக்காரர்கள் சொல்வது அதைத்தான். பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகளின் ஆயிரக்கணக்கான தொழிலாளர் அதன் அங்கத்தினர். அந்தச் சங்கம் 1946-ல் அந்தோணிப் பிள்ளையைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அவர் தறி ஓட்டியவரல்லர். பெரம்பூரில் பிறந்தவரல்லர். யாழ்ப்பாணத்துத் தமிழ் நம் வடசென்னைத் தமிழுமன்று. இந்த ஊருக்கு வந்து சில வருஷமே ஆகியிருந்தது.

அடுத்த வருஷமே பரீட்சை வந்தது. 1947 மார்ச்சில் பி அண்டு சி ஆலைகளில் வேலைநிறுத்தம் மூண்டது. ஏறக்குறைய நூறு நாள் நீடித்தது. நூறு நாள் என்று காகிதத்தில் எழுதுவது எளிது. மூன்று மாதச் சம்பளம் இல்லாத வீட்டைக் குடும்பஸ்தர்களாகிய நீங்கள் எண்ணிப் பாருங்கள். முதல் மாதம் மளிகைக் கடையில் கடன் கிடைக்கும். இரண்டாம் மாதம் மனைவியின் கழுத்தில் இருப்பது மார்வாடி கடைக்குப் போகும். மூன்றாம் மாதம் பிள்ளைகளின் பசியைப் பார்த்து, 'போதும் ஐயா, வேலைக்குப் போய்விடுகிறேன்' என்று எந்த நல்ல மனிதனுக்கும் தோன்றும். தலைவர் சிறை வைக்கப்பட்டார். சுதந்திரம் வாசலில் நின்ற நேரம் அது. சிறை வைத்ததும் நம்மவருடைய மந்திரிசபைதான்.

அந்தோணிப் பிள்ளை ஊரைவிட்டுப் போய்விடவில்லை. அதற்குப்பின் அரை நூற்றாண்டுக் காலம் இந்த ஊர்க்காரராகவே வாழ்ந்தார். துறைமுகத் தொழிலாளரின் சங்கத்திலும், அவர்களது அகில இந்திய சம்மேளனத்திலும் தலைமை வகித்தார். 1957-ல் வடசென்னைத் தொகுதி மக்கள் அவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். 2000-ம் ஆண்டு காலமானார். அவரைத் தலைவராக்கிய ஆலைகள் அவருக்கு முன்பே, 1996-ல், மூடிக் கிடந்தன. மோயீசனைக் கேட்ட கேள்வி அவருக்கும் பொருந்தும். 'உன்னை எங்களுக்கு அதிகாரியாக நியமித்தவன் யார்?' என்றால், அவருடைய பதில் சிறையும் அந்த ஐம்பது வருஷமும்தான் என்போம்.

இங்கே ஒரு சங்கடத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவருடைய அரசியல் மார்க்ஸிய அரசியல். அதிலும் துரோத்ஸ்கியின் வழியைச் சார்ந்த அரசியல். பாப்பரசர் 11-ம் பத்திநாதர் 1937-ல் நாஸ்திகப் பொதுவுடைமையைக் கண்டித்து நிருபம் எழுதினார் என்பதை நாம் மறக்கவில்லை. அப்படியானால் பங்குப் பத்திரிகையில் இந்த மனிதரைப் பற்றி எழுதுவானேன் என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நல்ல சமாரியன் உவமையை நினைவுகூருங்கள். அடிபட்டுக் கிடந்தவனைக் கடந்துபோனவர்கள் வேதம் தெரிந்தவர்கள். நின்றவன் வேதத்தில் பிசகியவன் என்று யூதர்களால் ஒதுக்கப்பட்டவன். ஆண்டவர் சமாரியனுடைய தவறான கொள்கையை மெச்சவில்லை. அவன் நின்றதை மெச்சினார். கொள்கையில் நாம் வேறுபடலாம், வேறுபடவும் வேண்டும். ஆனால் 1947-ல் அந்த நூறு நாளும் நம்மவர்களில் எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை பேர் கடந்துபோனார்கள் என்ற கணக்கைப் பார்க்காமல், நின்றவரின் கொள்கையை மட்டும் பார்ப்பது நேர்மையாகாது.

அந்தோணிப் பிள்ளை ஒருவர்தான் அயலார் என்று எண்ண வேண்டாம். அந்தச் சங்கத்தின் முதல் தலைவர் பி. பி. வாடியா பம்பாயில் பிறந்த பார்சி. அடையாற்றுப் பிரம்மஞான சபைக்காரர். ஆங்கிலத்தில் அவர் பேசியதைப் பிறர் தமிழாக்கிச் சொல்ல, தொழிலாளர் கேட்டார்கள். பின்னி கம்பெனி அவர்மீது ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டது. தொழிற்சங்கம் நடத்துவதே குற்றம்போல் ஆகிவிட்ட அந்த வழக்கினால் எழுந்த கூக்குரலின் பலன்களில் ஒன்று 1926-ம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். அந்தச் சட்டத்தில் ஓர் அருமையான ஏற்பாடு இருந்தது. சங்க நிர்வாகிகளில் குறைந்தது பாதிப்பேர் அந்தத் தொழிலிலேயே வேலை செய்கிறவர்களாக இருக்க வேண்டும். மீதிப்பேர் வெளியாராக இருக்கலாம். 2001-ம் ஆண்டுத் திருத்தம் வெளியாரை மூன்றிலொரு பங்கு, அல்லது ஐந்து பேர், இவற்றில் எது குறைவோ அதற்குள் அடக்கியது. அதற்கும் காரணம் இருந்தது. வெளியிலிருந்து வந்த தலைவர்களில் எல்லாரும் வாடியாவும் அந்தோணிப் பிள்ளையும் அல்லர். தொழிலாளியின் சந்தாவில் கார் ஓட்டியவர்களும், தேர்தல் முடிந்ததும் ஆலை வாசலை மறந்தவர்களும், முதலாளியோடு தனியறையில் கைகுலுக்கியவர்களும் உண்டு. ஆனால் இந்தக் குற்றங்களில் எதையும் உள்ளூர்க்காரன் செய்ததில்லை என்று யாராவது சத்தியம் பண்ணுவார்களா?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். 1921-ல் அதே ஆலைகளில் ஒரு பெரிய வேலைநிறுத்தம் நடந்தது; மாதக்கணக்கில் நீடித்துத் தோற்றது. ஏன் தோற்றது? தொழிலாளர் இரண்டாகப் பிரிந்தார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. வேலைக்குப் போனவர்களைத் துரோகிகள் என்று ஏசியவர்கள் அநேகர். நாம் அப்படி ஏசத் துணியமாட்டோம். ஏனெனில், சாதாரண நாளில் தண்ணீர்ப் பானையண்டை வரவிடாதவனை, வேலைநிறுத்த நாளில் மட்டும் 'தோழா, வா' என்று அழைத்தால், அவன் எதை நம்பி வருவான்? அவனுக்கு அந்தச் சங்கம் யாருடைய சங்கமாகத் தோன்றியிருக்கும்? அவனுடைய பசிக்கு அது என்ன உத்தரவாதம் கொடுத்தது? முதலாளி அந்தப் பிளவை உண்டாக்கவில்லை. முன்னமே இருந்த பிளவில் கையை வைத்தான், அவ்வளவே.

இன்றைக்கு 'வடக்கத்தியான்' என்று சொல்லும்போது அந்தப் பழைய பிளவை மறுபடி வெட்டுகிறோம். நம் வாலிபர்கள் நாளை கூலி உயர்வுக்காக வேலையை நிறுத்தினால், அவன் உள்ளே போவான். ஏன் போகமாட்டான்? அவனை நீங்கள் சங்கத்தில் சேர்த்தீர்களா? கூட்டத்தில் பேசியதை அவனுக்கு விளங்கும்படி யாராவது எடுத்துச் சொன்னார்களா? குறைந்த கூலிக்கு அவன் வருவதைத் தடுப்பதற்கு அவனைத் துரத்துவது வழியன்று. துரத்தினால் இன்னொருவன் இன்னும் குறைந்த கூலிக்கு வருவான். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று அவனுக்காகவும் சேர்த்துக் கேட்பதுதான் வழி. அதை அவன் வாயாலேயே கேட்கவைப்பது அதைவிட நல்ல வழி.

இது நம் ஊரில் மட்டும் நடக்கிற காரியமன்று. ஐர்லாந்து தேசத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம்மைப்போல் ஜெபமாலையைக் கையில் பிடித்த ஜனங்கள். 1845-ல் அங்கே உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, தொடர்ந்து வந்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதைவிட அதிகம் பேர் கப்பலேறினார்கள். லண்டன் துறைமுகத்திலும் லிவர்பூலிலும் நியூயார்க்கிலும் அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு என்ன தெரியுமா? கூலியைக் கெடுக்க வந்தவர்கள், அழுக்கர்கள், குடிகாரர்கள், பாப்பரசரின் ஆட்கள்! நாம் ஒடிசாக்காரரைப் பற்றிச் சொல்வதெல்லாம் அந்தக் கத்தோலிக்கரைப் பற்றிச் சொல்லப்பட்டது. 1889-ல் லண்டன் துறைமுகத் தொழிலாளர் மணிக்கு 6 பென்ஸ் கூலி கேட்டு வேலையை நிறுத்தியபோது, அவர்களில் ஐரிஷ்காரரும் அவர்களுடைய பிள்ளைகளும் மிகுதி. 81 வயதான கர்தினால் மானிங் ஆண்டகை தள்ளாத காலத்தில் முதலாளிகளிடமும் தொழிலாளிகளிடமும் மாறி மாறி நடந்து, சமாதானம் பண்ணி வைத்தார். அவர்கள் கேட்ட 6 பென்ஸ் கிடைத்தது. இரண்டு வருஷத்துக்குப்பின், 1891 மே மாதத்தில், பாப்பரசர் 13-ம் சிங்கராயர் தொழிலாளர் நிலைமை பற்றிய தமது நிருபத்தை வெளியிட்டார். தொழிலாளிக்கு நியாயமான கூலி பெறவும் சங்கம் சேரவும் உரிமை உண்டென்று அதில் போதித்தார். அந்த உரிமையை அவர் எந்த ஊர்க்காரனுக்கென்று பிரிக்கவில்லை.

அந்த ஜனங்களில் ஒருவர் மைக் குவில். கெர்ரி ஜில்லாவில் கில்கார்வன் என்ற கிராமத்தில் 1905-ல் பிறந்தவர். 1926-ல் நியூயார்க்குக்கு வந்து சேர்ந்தார். பற்பல கூலி வேலை பார்த்து, கடைசியில் பாதாள ரயிலில் டிக்கெட் கொடுக்கும் வேலைக்கு அமர்ந்தார். நாளொன்றுக்கு 12 மணி நேரம், வாரத்தில் 7 நாள். ஞாயிறு பூசைக்குப் போக வேண்டுமானால் கூலியை இழக்க வேண்டும். அவரும் அவருடைய தோழர்களும் 1934-ல் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தை ஆரம்பித்தார்கள். கம்பெனியின் ஒற்றர்களுக்கு அஞ்சி முதலில் ரகசியமாகக் கூடினார்கள். அவர் பொதுவுடைமைக்காரரோடு சேர்ந்திருந்தபடியால் கத்தோலிக்க வட்டாரங்களிலேயே அவரை எதிர்த்தவர்கள் இருந்தார்கள். 1948-ல் அந்தக் கட்சியாரைவிட்டுப் பிரிந்தார். அவருடைய சங்கத்தில் பெரும்பாலோர் அயலூரிலிருந்து வந்த ஐரிஷ்காரர். தாங்கள் உள்ளே வந்தபின், கறுப்பின மக்கள் உள்ளே வருவதை அவர்களில் சிலரே விரும்பவில்லை! மனித சுபாவம் இப்படி. குவில் தம் சொந்த ஜனத்தின் கோபத்தையும் பொருட்படுத்தாமல் கறுப்பினத் தொழிலாளரின் பக்கம் நின்றார். 1961-ல் தமது சங்க மாநாட்டுக்கு மார்ட்டின் லூதர் கிங்கை அழைத்துப் பேசவைத்தார். 1966 ஜனவரி முதல் தேதி நியூயார்க் நகரத்து ரயிலும் பஸ்ஸும் நின்றன. கோர்ட்டு உத்தரவை மீறியதற்காகச் சிறை சென்றார். சிறையில் இருதய நோய் கண்டது. பன்னிரண்டு நாளில் வேலைநிறுத்தம் ஜயமாக முடிந்தது. அந்த மாதம் 28-ம் தேதி அவர் காலமானார்.

குவில் கூலி வேலையிலிருந்து பதவிக்கு உயர்ந்தவர். அந்தோணிப் பிள்ளை படிப்பிலிருந்து கூலிக்காரரிடம் இறங்கி வந்தவர். இரண்டு வழியும் வெவ்வேறு. நமக்குக் குவிலின் வழி இன்னும் மேலானதாகத் தோன்றுகிறது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. கையில் காப்புக் காய்த்தவன் கூலியைப் பற்றிப் பேசும்போது அதற்கொரு தனிப் பாரம் உண்டு. ஆனால் இருவரும் வந்தவர்கள். இருவரையும் ஏற்றுக்கொண்டவர்கள் அதனால் நஷ்டப்படவில்லை.

நம் ஜனங்களும் வந்தவர்கள்தான், போனவர்கள்தான். சடையங்குப்பத்தில் பர்மா நகர் என்று ஒரு பெயர் எப்படி வந்தது? ரங்கூனில் நாம் வந்தேறிகளாயிருந்தோம். இலங்கைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாய்க் கொழுந்து பறித்த நம்மவர்கள் 1948-ம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவர்களானார்கள். தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து போன நடேசய்யர் அங்கே தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கண்டார். இராயபுரமும் இப்படித்தான்: அர்ச். இராயப்பரின் பெயரைக்கொண்ட அந்த இடத்தில், அலையில் மசூலாப் படகு தள்ளிக் கப்பல் சரக்கை இறக்கிய கத்தோலிக்கப் படகோட்டிகள், தாங்கள் பாடுபட்டுச் சேர்த்த காசைக்கொண்டு ஆலயம் எழுப்பினார்கள்.

இனி நம் கோவிலுக்குள் பார்ப்போம். ஜார்க்கண்டிலும், ஒடிசாவின் சுந்தர்கர் பகுதியிலும், பழங்குடி மக்களில் கத்தோலிக்கர் திரளாக இருக்கிறார்கள். அங்கிருந்து வேலைக்கு வருகிறவர்களில் நம் பூசைக்கு வருகிறவர்கள் இருந்தால், பெரும்பாலும் வாசலண்டை நின்று, நற்கருணை வாங்கி, பிரசங்கம் புரியாமல், யாரிடமும் பேசாமல் போய்விடுவார்கள். அவர்கள் நின்ற இடத்தில் ஒரு நாற்காலி போடுவது பெரிய புண்ணியமன்று. பங்குப் பேரவையில் அவர்களில் ஒருவருக்கு இடம் கொடுப்பது சற்றுக் கஷ்டமான காரியம். ஆகையால் அதைத்தான் யோசிக்கச் சொல்கிறோம்.

கடைசியாக ஒன்று. 2023 டிசம்பர் 26-ம் தேதி நள்ளிரவு, நாம் சேசுபாலனின் பிறப்பைக் கொண்டாடிய மறுநாள், பெரியகுப்பத்துக்கு அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கண் எரிந்து, மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் தெருவில் ஓடினார்கள். அநேகர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அப்படிப்பட்ட இரவில் எந்தப் பக்கம் ஓட வேண்டும், எதை முகத்தில் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற அறிவிப்பு எந்தப் பாஷையில் இருக்க வேண்டும்? ஒரே அறையில் பத்துப் பேராகப் படுத்துறங்கும் வெளியூர்த் தொழிலாளிக்கு, தமிழில் கூவினால் விளங்குமா? ஆலை வாசலிலும் தெருமுனையிலும் தமிழிலும் ஹிந்தியிலும் ஒடியாவிலும் அந்த அறிவிப்பை எழுதிவைக்கச் சொல்லி நிர்வாகத்துக்கு ஒரு மனுக் கொடுக்க வேண்டும். தமிழ்ப் பகுதியை எழுத நம் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மற்றதை எழுத, செயலாளர் பதவிக்கு நின்ற அந்த ஒடிசாக்காரரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.